வயரை இணைக்க ஈயமா, கிரிம்பிங்கா? எந்த இடத்தில் எது பொருந்தும்?

வயர் அறுந்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். இரண்டு முனைகளையும் உரித்து, ஒன்றோடு ஒன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவோம். விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது. மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு, செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் பேட்டரி பம்பு, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் வண்ண விளக்கு, லயத்து வீட்டில் பல ஆண்டுகளாக ஓடும் எக்ஸ்டென்ஷன் என்று எங்கே பார்த்தாலும் இந்த டேப் சுற்றிய முடிச்சைக் காணலாம்.

இதை முறையான இணைப்பு என்று சொல்ல முடியாது. நம் நாட்டு வெயிலில் டேப்பின் பசை இளகி வழியும். மழை ஈரம் உள்ளே போகும். செம்பு பச்சை பூத்துக் கறுக்கும். வண்டி ஆட ஆட முறுக்கு தளரும். கடைசியில் ஒரு நாள் இரவு வேலை முடிந்து திரும்பும்போது, விளக்கே இல்லாத தோட்டப் பாதையில் வண்டியின் முன்விளக்கு அணையும். வீட்டிலோ, அலமாரிக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் பிளாஸ்டிக் கருகத் தொடங்கும்.

முறையாக இணைக்க இரண்டு வழிகள் உண்டு. கம்பிகளைச் சூடாக்கி, ஈயத்தை உருக்கி ஓடவிட்டுப் பிடிக்கவைப்பது சோல்டரிங். கம்பியை ஓர் உலோகக் குழலுக்குள் நுழைத்து, அதற்கென உள்ள கருவியால் நெரித்து இறுக்குவது கிரிம்பிங். இந்த இரண்டில் எது உயர்ந்தது என்ற வாக்குவாதம் பட்டறைகளில் ஓய்வதில்லை. ஒழுங்காகச் செய்தால் இரண்டுமே நல்ல முறைகள்தான். அந்த வயர் எங்கே இருக்கிறது, அங்கே அது என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மோசமான இணைப்பு ஏன் ஆபத்து?

நல்ல இணைப்பில் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். தளர்ந்த அல்லது கறுத்த இணைப்பில் தடை கூடும். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணைத் தடையால் பெருக்கினால், அந்த இடத்தில் எத்தனை வாட் வெப்பம் உண்டாகிறது என்று தெரிந்துவிடும்.

2000 வாட் மின்சாரக் கேத்தலை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் வயரில் உள்ள முறுக்கு இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால், அங்கே சுமார் 7.6 வாட் வெப்பம் உண்டாகும். தடை 0.3 ஓம் ஆனால் அது ஏறக்குறைய 22 வாட். கடையில் விற்கும் சிறிய சோல்டரிங் கோல் 25 முதல் 30 வாட்தான். அது ஈயத்தையே உருக்கும். கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் டேப் சுற்றிய ஒரு முடிச்சுக்குள் அடைந்து கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண பிவிசி வயரின் உறை 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்பட்டது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இப்படிச் சூடாகும்போது பிரேக்கர் விழாது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் பிரேக்கர் விழும். 13 ஆம்பியர் பிளக்கின் பியூஸும் அப்போதுதான் போகும். இங்கே ஓடுவது அதே 8.7 ஆம்பியர்தான். மின்கசிவைக் காட்டும் ஆர்சிடி கருவிக்கும் இது தெரியாது, ஏனென்றால் மின்சாரம் எங்கும் கசியவில்லை. அதனால் "ஏதாவது ஆனால் பிரேக்கர் விழுந்துவிடும்" என்ற நம்பிக்கை இந்த இடத்தில் நமக்கு உதவாது. இணைப்பே ஒழுங்காக இருக்க வேண்டும்.

12 வோல்ட் வண்டியில் இழப்பு வேறு விதமாகத் தெரியும். 35 வாட் ஹாலஜன் முன்விளக்கு சுமார் 2.9 ஆம்பியர் இழுக்கும். வழியில் அரை ஓம் தடை இருந்தால், விளக்குக்குப் போய்ச் சேர வேண்டிய 12 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் வழியிலேயே போய்விடும். ஹாலஜன் விளக்கின் வெளிச்சம், வோல்ட் குறைவதைவிட வேகமாகக் குறையும். இந்த அளவு இழப்பிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். "பல்பு மங்கிவிட்டது" என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இணைப்புகளைப் பார்ப்பது நல்லது.

ஈயத்தின் பலமும் பலவீனமும்

மின்வேலைக்குப் பல காலமாகப் பயன்படும் ஈயக் கம்பி, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட கலவை 183 டிகிரியில் உருகும். காரீயம் கலக்காத இப்போதைய வகைகளில் அதிகம் புழங்குபவை சுமார் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் கோல் இன்னும் சூடாக இருக்க வேண்டும்.

உருகிய ஈயம் கம்பி இழைகளுக்கு இடையே ஓடிப் பிடித்துக்கொள்ளும். காற்றும் ஈரமும் புக இடம் இராது. மெல்லிய வயர்களுக்கும், மின்னணுப் பலகைகளுக்கும், ஒலிபெருக்கி, ரேடியோ போன்றவற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. தலைமுடி போன்ற மெல்லிய இழைகளை நெரித்தால் அறுந்துவிடும். ஈயம் வைத்தால் நிற்கும்.

இதன் பலவீனங்கள் இரண்டு. ஈயம் வைக்கும்போது அது உறைக்குள்ளும் சிறிது தூரம் ஏறிவிடும். ஏறிய இடம் வரை வயர் குச்சி போல விறைத்துப்போகும். விறைத்த பகுதி முடிந்து, வளையும் பகுதி தொடங்கும் இடம்தான் ஆபத்தானது. வண்டி ஆடும்போது முழு ஆட்டமும் அந்த ஒரே புள்ளியில் விழுந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே உறை நன்றாகவே இருக்கும்; உள்ளே செம்பு அறுந்திருக்கும். பழுதைத் தேடுவதே பெரிய வேலையாகிவிடும்.

இரண்டாவது பலவீனம், ஈயம் மென்மையானது. திருகாணியின் கீழ் வைத்து இறுக்கினால், நாளடைவில் அது அழுத்தத்துக்கு இடம் கொடுத்து மெல்ல விலகும். இன்று இறுக்கமாக இருக்கும் திருகாணி சில மாதங்களில் தளர்ந்திருக்கும். தளர்ந்தால் தடை, தடையால் வெப்பம், வெப்பத்தால் இன்னும் தளர்ச்சி. பிளக்குக்குள் வைக்கும் வயர் முனைக்கு "நேர்த்தியாக இருக்கட்டும்" என்று ஈயம் பூசும் பழக்கம் இதனால்தான் தவறு. வீட்டு மின்சாதனங்களுக்கான அனைத்துலகப் பாதுகாப்புத் தரவிதியும், இதைத் தாங்கும்படி அமைக்கப்பட்ட இறுக்கிகளைத் தவிர மற்ற இடங்களில், அழுத்திப் பிடிக்கப்படும் வயர் முனைக்கு ஈயம் பூசக் கூடாது என்றே சொல்கிறது.

கிரிம்பிங்கின் பலமும் பலவீனமும்

சரியான குழலில் சரியான வயரை வைத்து, சரியான கருவியால் நெரித்தால், இழைகளும் குழலும் மிகுந்த அழுத்தத்தில் ஒன்றோடொன்று நெருங்கி, இடையே காற்றுப் புக முடியாத அளவுக்கு இறுகிவிடும். நெருப்பு வேண்டாம், புகை இல்லை, உறை உருகாது. வயர் உள்ளே விறைப்பதும் குறைவு. நல்ல டெர்மினல்களில் செம்பைப் பிடிக்க ஒரு பிடியும், உறையைப் பிடிக்க இன்னொரு பிடியும் இருக்கும். ஆட்டத்தை உறைப் பிடி தாங்கிக்கொள்ளும்.

கார், லோரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளில் வயர் முனைகளில் டெர்மினல்களைப் பெரும்பாலும் கிரிம்பிங் செய்துதான் பொருத்துகிறார்கள். உங்கள் வண்டியின் ஏதாவது ஒரு சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். வயரின் முனையில் இரண்டு சிறகுகள் மடிந்து செம்பைக் கவ்வியிருக்கும். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு சிறகுகள் உறையைக் கவ்வியிருக்கும். படகுகளின் மின்வேலைக்கு அமெரிக்காவில் பின்பற்றப்படும் தரவிதியும், ஈயம் மட்டுமே ஓர் இணைப்பைத் தாங்கி நிற்கக் கூடாது என்கிறது. ஓயாத ஆட்டமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஈயத்தை மட்டும் நம்ப முடியாது என்பதே காரணம்.

கிரிம்பிங்கின் பலவீனம், அது முழுக்க முழுக்கக் கருவியையும் அளவையும் நம்பியிருப்பது. பிளையரால் நசுக்கினால் குழல் தட்டையாகும். உள்ளே இழைகள் இறுகாது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அளவு பெரிய டெர்மினலில் மெல்லிய வயரை வைத்தாலும் அதே கதிதான். கருவி இல்லாமல் பிளையரால் நசுக்கிய டெர்மினலைவிட, பொறுமையாக வைத்த ஈய இணைப்பு எவ்வளவோ மேல்.

முடிவு செய்ய நான்கு கேள்விகள்

வயரை எடுத்தவுடன் கோலையோ கருவியையோ தேடாமல், முதலில் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அது ஆடுமா? இயந்திரம், சக்கரம், ஹேண்டில், கதவு என்று அசையும் இடத்தில் இருந்தால் கிரிம்பிங். அசையாத பெட்டிக்குள் என்றால் ஈயமும் சரி.

2. அது சூடாகுமா? இஸ்திரிப் பெட்டியின் தட்டு 200 டிகிரி வரை போகும். ஈயம் அங்கே இளகிவிடும். சூடேற்றும் கம்பிக்கு அருகில் உள்ள இணைப்புகளுக்கு வெப்பம் தாங்கும் டெர்மினல்தான் பொருந்தும்.

3. அதைப் பிறகு கழற்ற வேண்டுமா? பேட்டரி, ஹாரன், பம்பு போன்றவற்றை மாற்றும் நாள் வரும். டெர்மினல் போட்டிருந்தால் இழுத்துக் கழற்றலாம். ஈயம் வைத்திருந்தால் வெட்டத்தான் வேண்டும். வெட்ட வெட்ட வயர் குட்டையாகும்.

4. அது எவ்வளவு மெல்லியது? நம்மிடம் உள்ள டெர்மினலின் மிகச் சிறிய அளவுக்கும் கீழே என்றால் ஈயம்தான்.

இடத்துக்கு இடம்

*மோட்டார் சைக்கிள், கார், லோரி:* கிரிம்பிங். மேலே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டினால் குழாய் சுருங்கி, பசை உருகி, தண்ணீர் புகாமல் அடைக்கும். கூடுதல் விளக்கு, அலாரம் பொருத்தும்போது சிலர் வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பைப் போடுவார்கள். அது உறையைக் கீறி உள்ளே போகும். சில இழைகளையும் வெட்டக்கூடும். மழையில் ஓடும் வண்டிக்கு அது ஏற்றதல்ல.

*மருந்து அடிக்கும் பேட்டரி பம்பு:* முதுகில் சுமக்கும் இந்தப் பம்புகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இருக்கும். ஆட்டம், ஈரம், இரசாயனம் மூன்றும் இதில் சேர்கின்றன. பேட்டரியின் தட்டையான முனைக்குப் பொருந்தும் ஸ்பேட் டெர்மினலைக் கிரிம்ப் செய்து செருக வேண்டும். பேட்டரி முனையில் நேரடியாக ஈயம் வைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் பேட்டரியின் மூடியும் உள்ளிணைப்பும் கெடும். முனையின் அகலம் 4.8 மி.மீ., 6.3 மி.மீ. என இரண்டு அளவுகளில் வருவதால், கடைக்குப் போகும்முன் அளந்துகொள்ளுங்கள்.

*லித்தியம் பேட்டரி:* உருண்டை வடிவ லித்தியம் செல்கள்மீது சோல்டரிங் கோலை வைக்கவே கூடாது. சூடு உள்ளே போனால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தொழிற்சாலையில் நிக்கல் பட்டையை நொடிப்பொழுதில் ஸ்பாட் வெல்டிங் செய்துதான் இணைக்கிறார்கள். பட்டையோடு வரும் செல்களை வாங்கினால், அந்தப் பட்டையின் நுனியில் வயரை இணைக்கலாம்.

*காவடி, தேர் அலங்கார எல்இடி பட்டை:* பட்டையின் மேல் உள்ள செம்புப் புள்ளிகளில் ஈயம் வைப்பது சரியான முறை. ஆனால் காவடியும் தேரும் ஆடும். அதனால் ஈயம் வைத்த இடத்தை அப்படியே தொங்கவிடாமல், வயரைச் சில அங்குலம் தள்ளிச் சட்டத்தோடு கட்டிவிட வேண்டும். பட்டைக்கும் பேட்டரிக்கும் நடுவே செருகிக் கழற்றும் சாக்கெட் இருக்கட்டும். ஜெனரேட்டரில் 230 வோல்ட் எடுக்கும் தேர் என்றால் கதை வேறு. அங்கே முறுக்கி டேப் சுற்றும் வேலைக்கே இடம் இல்லை. மழையில் நனைந்த இரும்புத் தேரை எத்தனை கைகள் பிடித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து, தகுதி பெற்றவரிடமே அந்த வேலையைக் கொடுங்கள்.

*ஒலிபெருக்கி, மைக், மின்னணுப் பொருள்:* ஈயம். மைக் வயர் முனையில் பிளக்கை இணைக்கவும் ஈயமே நல்லது. வயரின் உறையைப் பிளக்கின் பிடியில் இறுக்கிவிட்டால் ஆட்டம் ஈயம்வரை போகாது.

*கேத்தல், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டியின் வயர்:* நடுவில் அறுந்தால் இணைக்காதீர்கள். அதே ஆம்பியர் அளவுள்ள முழு வயரை மாற்றுவதே சரி.

கிரிம்பிங் செய்யும் முறை

உறையுள்ள டெர்மினல்களின் நிறமே அளவைச் சொல்லும். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. கருவியின் வாயிலும் அதே நிறப் புள்ளிகள் இருக்கும். வயர், டெர்மினல், கருவியின் வாய் மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

முதலில், கறுத்த செம்பை வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பு வரும் வரை பின்னுக்குப் போங்கள். பிறகு குழலின் நீளத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக உறையை உரியுங்கள். ஓர் இழை அறுந்தாலும் திரும்ப உரிப்பது நல்லது. இழைகள் விரியாத அளவுக்கு லேசாகத் திருகினால் போதும். ஈயம் பூசாதீர்கள், ஈயம் பூசிய முனையைக் கிரிம்ப் செய்தால், திருகாணியில் சொன்ன அதே தளர்ச்சி இங்கேயும் வரும்.

செம்பின் நுனி குழலின் மறுபுறம் லேசாகத் தெரிய வேண்டும். உறை குழலின் வாயில் வந்து முட்ட வேண்டும். இப்போது நெரியுங்கள். ராட்செட் உள்ள கருவி வாங்கினால் நல்லது. போதிய அளவு இறுகும் வரை அது கைப்பிடியை விடாது, எனவே "இது போதுமா?" என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. சாதாரணத் தகட்டுக் கருவியைவிட விலை கூடுதல்தான், ஆனால் வண்டி வேலை அடிக்கடி செய்பவர்களுக்கு அது வீண்செலவாகாது.

கடைசியாக, டெர்மினலை ஒரு கையிலும் வயரை மறு கையிலும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அங்கேயே வரட்டும். நெடுஞ்சாலையில் வருவதைவிட அது மேல். இரண்டு வயர்களை நடுவே சேர்க்கும் பட் கனெக்டர் குழலுக்கும் இதே முறைதான். இரண்டு பக்கமும் தனித்தனியே நெரித்து, தனித்தனியே இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஈயம் வைக்கும் முறை

சுருங்கு குழாயை முதலில் வயரில் நுழைத்து, சூடு படாத தூரத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஈயம் வைத்த பிறகு குழாயை நுழைக்க வழி இருக்காது.

முனைகளைச் சுத்தமாக உரித்து, ஒன்றையொன்று கொக்கி போலக் கோத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். தந்திக் கம்பிகளை இணைத்த காலத்திலிருந்து வரும் முறை இது. ஈயம் வைக்கும் முன்பே இணைப்பு இழுவைத் தாங்க வேண்டும். இழுவைத் தாங்குவது கோத்த கம்பியின் வேலை. மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்துவது ஈயத்தின் வேலை.

மின்வேலைக்கான ரோசின் பசையுள்ள ஈயத்தையே பயன்படுத்துங்கள். தண்ணீர்க் குழாய், தகரம் ஒட்டும் அமிலப் பசை வேண்டாம். அது உள்ளே தங்கிச் செம்பை அரித்துவிடும். கோலின் நுனியை இணைப்பின் ஒரு பக்கம் வைத்து, ஈயக் கம்பியை மறுபக்கம் தொடுங்கள். கோலில் ஈயத்தை உருக்கி வயரின் மேல் சொட்டவிட்டால், அது மேலே உட்கார்ந்துகொள்ளுமே தவிர உள்ளே ஓடாது. வயரே ஈயத்தை உருக்கும் அளவுக்குச் சூடாக வேண்டும். தடித்த வயருக்கு 30 வாட் கோல் பற்றாது. 60 வாட் வேண்டும். சிறிய கோலை நெடுநேரம் வைத்திருப்பதால் உறைதான் கருகும்.

ஈயம் இறுகும் வரை வயரை அசைக்காதீர்கள். நல்ல இணைப்பில் ஈயம் இழைகளோடு படிந்து, இழைகளின் வடிவம் வெளியே தெரியும். உருண்டையாகத் திரண்டு நின்றால் அது ஒட்டவில்லை, மறுபடியும் சூடாக்குங்கள். பிறகு சுருங்கு குழாயை இணைப்பின் மேல் இழுத்துச் சூடு காட்டி, இரண்டு பக்கமும் வயரை அசையாமல் கட்டிவிடுங்கள்.

காரீயம் உடலுக்குக் கெடுதல். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொட வேண்டும். சமையல் மேசையில் இந்த வேலை வேண்டாம். பசையின் புகையும் மூச்சுக்கு நல்லதல்ல. சன்னலைத் திறந்து வையுங்கள். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

- கிரிம்ப் செய்த பிறகு "இன்னும் பலம்" என்று அதன் மேல் ஈயம் விடவேண்டாம். சரியான கிரிம்புக்கு அது தேவையில்லை. வயரை விறைக்கவைத்து, இருந்த நன்மையையும் கெடுக்கும்.
- அலுமினிய வயரில் சாதாரண ஈயம் ஒட்டாது. செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கினால் ஈரத்தில் அரிப்பு ஏற்படும்.
- ஒற்றைக் கம்பியாக உள்ள கெட்டி வயருக்குச் சாதாரண டெர்மினல் பொருந்தாது. அவை பல இழை வயருக்காகச் செய்யப்பட்டவை.
- திருகாணியின் கீழ் வைக்கும் பல இழை வயருக்கு, ஈயத்துக்குப் பதில் பெருல் என்னும் சிறு குழலைக் கிரிம்ப் செய்து நுழைக்கலாம். இழைகள் சிதறாது, இறுக்கமும் குறையாது.
- வண்டி வேலை தொடங்கும்முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டு வயரிங்கில் கை வைக்க வேண்டாம்

மேலே சொன்ன செய்முறைகள் வண்டிக்கும் 12 வோல்ட் பொருள்களுக்கும் பொருந்தும். சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடும் 230 வோல்ட் வயரிங் அந்தக் கணக்கில் சேராது. தீபகற்ப மலேசியாவில் 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும், 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளும் இதற்கென்றே இருக்கின்றன. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன், அதாவது பெண்டாவாய், செய்ய வேண்டிய வேலை அது.

வயர்மேனை அழைக்க வேண்டிய அறிகுறிகள் எளியவை. பிளக்கைத் தொட்டால் சூடு, சுவிட்சின் ஓரத்தில் மஞ்சள் அல்லது பழுப்புக் கறை, கருகிய மீன் போன்ற வாடை, காற்றாடி சுற்றும்போது விளக்கு நடுங்குவது, சாக்கெட்டுக்குள் "சிர்" என்ற ஓசை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். பழைய லயத்து வீடுகளிலும் பழைய தாமான் வீடுகளிலும், ஒருவர் பின் ஒருவராக வயரை நீட்டிக்கொண்டே போன இடங்கள் உண்டு. குளிரூட்டியோ தண்ணீர்ச் சூடேற்றியோ புதிதாகப் பொருத்தும்முன், அந்தப் பழைய இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வயர்மேனிடம் சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

இந்த வேலையில் ஆர்வம் உள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பர்களின் மோட்டார் சைக்கிள்களுக்கு வயர் ஒட்டிப் பழகிய கை நல்ல கைதான். அதற்குச் சான்றிதழும் இருந்தால் அதுவே பிழைப்பாகும். மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்துறைப் பயிற்சிகள் உண்டு. மலேசியத் திறன் சான்றிதழும் அங்கே பெறலாம். எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டில் ஒரு கறுப்பு டேப் சுருளும் கத்தியும் மட்டும் இருந்தால், அடுத்த முறை ஹார்ட்வேர் கடைக்குப் போகும்போது ஒரு கிரிம்பிங் கருவி, சிவப்பும் நீலமுமாக ஒரு பெட்டி டெர்மினல், சில அடி சுருங்கு குழாய் வாங்கி வையுங்கள். பிறகு வண்டியின் இருக்கையைத் தூக்கி, டேப் சுற்றிய முடிச்சுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம்.